பதினோரு படங்கள்

2023 ஆகஸ்ட் 22, செவ்வாய்க்கிழமை, புனே கேம்ப் பகுதியில் ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், சிறுநீரக மாற்றுக்கு அனுமதி கேட்டு வைக்கப்பட்ட ஒரு கோப்பு திருப்பிக் கொடுக்கப்பட்டது. நோயாளி: சியாமளா, வயது 61, தாபோடி. தானம் தருபவர்: மீனாட்சி, வயது 56, கோயம்புத்தூர். உறவு: உடன்பிறந்த தங்கை. கடைசி வரியைச் சுற்றி யாரோ பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்கள்.

வட்டத்துக்குக் காரணம் இரண்டு பள்ளிச் சான்றிதழ்கள். மூத்தவளுடையதில் சியாமளா ராமநாதன் அம்பாசமுத்திரம் என்று இருந்தது. இளையவளுடையதில் மீனாட்சி ராமநாதன் பிள்ளை என்று இருந்தது. அப்பா ராமநாதன் கோர்படி ரயில்வே யார்டில் பெட்டி பழுது பார்க்கும் ஃபிட்டர். 1968-ல் பெரியவளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது மராத்தி குமாஸ்தா மூன்று கட்டம் போட்ட படிவத்தை நீட்டினார். பிள்ளையின் பெயர், அப்பாவின் பெயர், குடும்பப் பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்றார் ராமநாதன். கட்டத்தைக் காலியாக விட முடியாது என்றார் குமாஸ்தா. ராமநாதன் யோசித்து, ஊர்ப் பெயரைச் சொன்னார். ஐந்து வருஷம் கழித்துச் சின்னவளைச் சேர்க்கும்போது, ஊரெல்லாம் குடும்பப் பெயர் ஆகாது என்று யார்டில் யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் சாதிப் பெயரைச் சொன்னார். பெண்கள் இருவரும் ஒரே பாயில் படுத்து எழுந்து, ஒரே டப்பாவில் சோறு கட்டிக்கொண்டு, இரண்டு குடும்பத்துப் பிள்ளைகளாகப் பள்ளிக்குப் போய் வந்தார்கள். ஐம்பது வருஷமாக வீட்டில் அது ஒரு வேடிக்கை. பிறப்புச் சான்றிதழ் இரண்டு பேருக்கும் இல்லை. இருவருமே அம்மா விசாலத்தின் தாய்வீட்டில், அம்பாசமுத்திரத்தில், மருத்துவச்சி கையில் பிறந்தவர்கள்.

உறுப்பு மாற்றுப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் மும்தாஜ் வராந்தாவில் நின்று நிலைமையை விளக்கினாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் எப்போதும் ஒரு ஸ்டேப்ளர். ஹிந்தியில் பேசினாள்; வயதில் மூத்த பெண்களை மராத்தியில் மாவ்ஷி, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவாள்.

"நான் நம்புறேன் மாவ்ஷி. உங்க ரெண்டு பேர் மூக்கையும் பாத்தாலே தெரியுது. ஆனா மூக்கை ஃபைல்ல வச்சுத் தைக்க முடியாதே. எங்கிருந்தோ ஆளைக் கூட்டிட்டு வந்து அக்கா தங்கச்சின்னு சொல்றவங்க இருக்காங்க. அதனால குழு காகிதம் கேக்கும். காகிதம் சரியில்லன்னா படம் கேக்கும். சின்ன வயசுலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற படம், அம்மா அப்பாவோட."

"எத்தனை?" என்றான் கௌஷிக். சியாமளாவின் ஒரே மகன். ஹிஞ்சவடியில் ஐ.டி. வேலை, வயது இருபத்தொன்பது.

"பத்துப் படமாவது வேணும். செப்டம்பர் அஞ்சு குழு கூடுது. ரெண்டு பேரையும் தனித்தனியா உக்கார வச்சுக் கேப்பாங்க, கேமரா ஓடும். ரெண்டு பேர் பதிலும் ஒத்துப்போகணும். அதுதான் முக்கியம்."

அவகாசம் அதிகம் இல்லை. டயாலிசிஸ் செய்ய சியாமளாவின் இரண்டு கைகளிலும் ரத்தக் குழாய்களை இணைத்துப் போட்ட வழிகள் அடைத்துப் போயிருந்தன. இப்போது கழுத்தில் ஒரு குழாய். குழாயில் எப்போது வேண்டுமானாலும் கிருமி ஏறலாம், அதை நம்பி மாதக்கணக்கில் இருக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணவர் ஸ்வாமிநாதனுக்குச் சர்க்கரை. மகனின் ரத்தப் பிரிவு சேரவில்லை. தங்கையுடையது சேர்ந்தது.

*

தாபோடியில் அவர்கள் வீடு இரண்டாவது மாடி. ஸ்வாமிநாதன் ராணுவத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றபோது வாங்கியது. பால்கனியில் நின்றால் மெட்ரோ பாலம் தெரியும். மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. துணி எதுவும் காயவில்லை.

தங்கை மீனாட்சி, வீட்டில் மீனு, வந்து இருபது நாள் ஆகியிருந்தது. வந்த மறுநாளே அடுக்களையை எடுத்துக்கொண்டாள். அக்காவுக்கு ஆக்குவது ஒரு தனிச் சோலி. பொட்டாசியம் இறங்க, காயை நறுக்கி இரண்டு மணி நேரம் வெந்நீரில் ஊற வைக்க வேண்டும், அந்தத் தண்ணீரைக் கொட்டி மறுபடி வேக வைத்து, அதையும் வடிக்க வேண்டும். உப்புக் கிடையாது. தேங்காய் கிடையாது. குடிக்க ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர். அதை ஒரு பாட்டிலில் ஊற்றி, மார்க்கர் பேனாவால் காலை, மதியம், சாயங்காலம் என்று கோடு போட்டு மேஜைமேல் வைத்திருந்தாள். கோட்டைத் தாண்டினால் சத்தம் போடுவாள்.

"ஒரு வாய் கூடுதலா குடிச்சிட்டேன், என்ன இப்ப?" என்பாள் சியாமளா.

"நாளைக்கு மூச்சு முட்டும்போது கேக்கேன், என்ன இப்பன்னு."

"வந்ததுலேர்ந்து மிலிட்டரிக்காரி மாதிரி நிக்கா. ஏங்க, உங்க ஃபேக்டரில இவளுக்கு ஒரு வேல போட்டுக் குடுங்க."

"ஃபேக்டரி தாங்காது" என்பார் ஸ்வாமிநாதன், பேப்பரை இறக்காமல்.

இப்படிப் பேசிக்கொள்கிறார்களே தவிர, அந்த இருபது நாளுக்கு முன்னால் ஒன்பது வருஷம் சகோதரிகள் பேசிக்கொள்ளவில்லை.

அம்மா விசாலம் 2014 ஜூலையில் இந்த வீட்டில் இறந்தாள். பதினாறு மாதம் படுக்கையில் கிடந்தாள். பார்த்துக்கொண்டது சியாமளா. மீனு கோயம்புத்தூரிலிருந்து இரண்டு தடவை வந்து போனாள். இறந்த செய்தி கேட்டு அவளும் கணவன் ரவிசந்திரனும் ரயில் ஏறினார்கள். மழையில் ரயில் மெதுவாக வந்து, புனேக்கு முன்னால் தௌண்டில் நின்றுவிட்டது. தௌண்டு பிளாட்பாரத்திலிருந்து மீனு அக்காவுக்குப் போன் செய்தாள். 'ரெண்டு மணி நேரத்துல வந்திருவேன், எடுத்துராதிய' என்று கத்திச் சொன்னாள். லைன் அறுந்தது. வந்து சேர்ந்தபோது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்டதற்கு, போனில் ஒன்றுமே கேட்கவில்லை, கரகரவென்று சத்தம்தான் வந்தது என்றாள் சியாமளா. மீனு நம்பவில்லை. எல்லோர் முன்னாலும் சொல்லக்கூடாததைச் சொன்னாள். "இனி என் வீட்டுப் படி ஏறாத" என்றாள் சியாமளா.

இந்த வருஷம் ஜூலையில் கௌஷிக் தன் அம்மாவிடம் சொல்லாமல் சித்திக்குப் போன் செய்தான். மீனு முழுதும் கேட்டுவிட்டு, "டிக்கெட் பாக்கச் சொல்லுதேன்" என்றாள். ஆகஸ்ட் இரண்டாம் தேதி பெட்டியோடு வந்து படி ஏறினாள். சியாமளா கதவைத் திறந்து, "மெலிஞ்சிட்டியே" என்றாள். அதற்கு மேல் பழையதை யாரும் எடுக்கவில்லை.

*

படங்கள் ஒரு பிளாஸ்டிக் ஆல்பத்தில் இருந்தன. புனே மழையின் ஈரத்தில் அவை தாளோடு ஒட்டிப் போயிருந்தன. இழுத்தால் முகம் கிழிந்துவிடும். மீனு தையல் நூலை இரண்டு கையிலும் சுற்றி இழுத்துப் பிடித்து, படத்துக்கும் தாளுக்கும் நடுவில் ரம்பம் மாதிரி மெதுவாக ஓட்டினாள். ஒரு படத்தை எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. மூன்று நாளில் பதினோரு படங்கள் தேறின. கௌஷிக் அவற்றை ஸ்கேன் செய்து பெரிதாக்கிச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினான். பின்பக்கத்தில் விசாலம் தமிழில் தேதி எழுதி வைத்திருந்தாள். அவனுக்குப் படிக்க வராது.

"ஓகே. நான்தான் கமிட்டி" என்றான். "படம் நம்பர் ஒன். இது எங்க எடுத்தது, யார் யார் இருக்காங்க?"

கேம்ப் ஸ்டுடியோவில் 1971-ல் எடுத்தது. இரவல் கோட்டுப் போட்டு அப்பா. பக்கத்தில் அம்மா. ஸ்டூலில் நாலு வயது மீனு, வாயைப் பிளந்து அழுகிறாள். ஸ்டூலுக்குப் பின்னால் ஒன்பது வயது சியாமளா, இடுப்புக்கு மேலேதான் தெரிகிறாள்.

"சித்தி, ஏன் அழுவுறீங்க?"

"போட்டோக்காரன் கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டான்லா. அவனுக்குத் தலை போயிட்டுன்னு நெனச்சு அழுதேன்."

"பச்சப் பொய்" என்றாள் சியாமளா. சோபாவில் சாய்ந்து கிடந்தாள். கழுத்துக் குழாயின் கட்டு நனையாமல் இருக்க ஒரு துவாலையைச் சுற்றியிருந்தாள். "என் ஷூ வேணும்னு அழுதா. கழட்டிக் குடுத்த பொறவும் அழுதா. நல்லாப் பாருல, அவ கால்ல கெடக்கது என் ஷூ. நான் வெறுங்காலோட நிக்கேன்னுதான் அம்மா என்ன ஸ்டூலுக்குப் பின்னால தள்ளுனா."

கௌஷிக் லேப்டாப்பில் பெரிதாக்கிப் பார்த்தான். ஷூ இரண்டு பங்கு பெரிதாக இருந்தது.

"பாயின்ட் அம்மாக்கு."

"குடுத்துக்க. நாலு வயசுல நடந்ததுக்கு ஐம்பத்தாறு வயசுல மார்க்கு கொறைக்கான்."

இரண்டாவது படத்தில் சண்டையே வந்தது. கோர்படி குவார்ட்டர்ஸ் வாசலில், தீபாவளிக்கு, இருவரும் ஒரே துணியில் தைத்த கவுனில் நிற்கிறார்கள். கறுப்பு வெள்ளைப் படம். கவுன் என்ன நிறம் என்று கௌஷிக் கேட்டான்.

"பச்ச" என்றாள் சியாமளா.

"மெரூன்" என்றாள் மீனு.

"மெரூனா? கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? ரயில் சீட்டு ரெக்சின் மாதிரி இருக்குன்னு அப்பா சிரிச்சாக. ரயில் சீட்டு பச்சைலா."

"மெரூன்தான் யக்கா. சாயம் போயி என் தொடையெல்லாம் செவப்பா இருந்துச்சு, ரத்தம்னு நெனச்சு அம்மா பதறிட்டா."

"அது வேற கவுனு."

"வேற கவுனு ஏது நமக்கு?"

ஸ்வாமிநாதன் பேப்பரை இறக்கினார். "ரெண்டு பேரும் ஒரே கலரச் சொல்லணும். அவ்வளவுதான். கமிட்டிக்காரன் கோர்படிக்கு வந்து பாத்தானா என்ன?"

மீனு அக்காவைப் பார்த்தாள். "சவத்த விடு. பச்சைன்னே வச்சுக்க."

கடக்வாஸ்லா அணையில் எடுத்த படத்தில் மீனுவின் தலை நனைந்திருக்கிறது. பாசியில் வழுக்கித் தண்ணீரில் போனவளைச் சியாமளா சடையைப் பிடித்து இழுத்தாள். "முங்கினது அவ. அடி வாங்கினது நான்" என்றாள் சியாமளா. "பிள்ளையப் பாத்துக்கன்னு விட்டுட்டுப் போனா நீ எங்க பாத்தன்னு அம்மா சாத்துனா. அடிய வாங்கிக்கிட்டே இவ தலையத் தொவட்டினேன்." மீனு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சியாமளாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் டயாலிசிஸுக்கு முந்தைய நாள் சாயங்காலங்களில் நெஞ்சில் நீர் கட்டிவிடும், சிரித்தால் இருமல் வரும். இருமல் அடங்கும் வரை மீனு முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

சியாமளாவின் கல்யாணப் படம், மீனுவின் கல்யாணப் படம், கௌஷிக்கின் முதல் பிறந்தநாள், அப்பா சாவுக்குப் பிறகு அம்மாவோடு ஆளந்திக் கோயிலில் எடுத்தது. பதினோராவது படம் 2013 மே மாதம், இந்தப் பால்கனியில். படுக்கையிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்கார வைத்த அம்மா. இரண்டு பக்கமும் இருவரும். எடுத்தது பத்தொன்பது வயது கௌஷிக்.

"இதுக்கப்புறம் ஒரு போட்டோகூட இல்ல" என்றான் அவன். "மும்தாஜ் மேடம் சொன்னாங்க, அதை கண்டிப்பா கேப்பாங்களாம். குடும்பப் பெயர் வேற வேற, பத்து வருஷமா சேர்ந்து படமும் இல்ல. சந்தேகம் வரும். என்ன சொல்லணும்?"

மீனு படங்களை வரிசையாக அடுக்கத் தொடங்கினாள்.

"தூரம்னு சொல்லுங்க" என்றார் ஸ்வாமிநாதன். "அவ மாமனாருக்கு ஒடம்பு சரியில்லாம இருந்தது நெஜம்தானே, அதைச் சொல்லுங்க. பொறவு கொரோனா. கொரோனா எல்லாத்துக்கும் ஒத்து வரும்."

"செரி" என்றாள் மீனு. "தூரம், மாமனாரு, கொரோனா. என்னக்கா?"

"ம்" என்றாள் சியாமளா.

மறுநாள் மதியம் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்த மீனு, தலையைத் தூக்காமல் கேட்டாள்:

"அன்னைக்கு நான் தௌண்டுல இருந்து பேசினது உனக்குக் கேக்கவே இல்ல. அப்படித்தானேக்கா?"

"மழைலா. ஒண்ணுமே கேக்கல" என்றாள் சியாமளா.

"செரி. கேட்டுக்கிட்டேன்."

அவள் நறுக்கிய காயை வெந்நீரில் போட்டு மூடினாள்.

*

செப்டம்பர் 5. காலையிலேயே ஆட்டோ பிடித்துக் கேம்புக்குப் போனார்கள். மீனு அக்காவுக்குத் தலைவாரிச் சடை போட்டுவிட்டிருந்தாள். குழுவில் மூன்று பேர்: ஒரு டாக்டர், ஒரு சமூக சேவகி, ஓய்வு பெற்ற அரசு அதிகாரி ஒருவர். மூலையில் முக்காலியில் கேமரா.

மீனு முதலில் போனாள். இருபத்தைந்து நிமிஷம். அப்பாவின் வேலை, குவார்ட்டர்ஸில் எத்தனை அறை, அம்மா எப்படி இறந்தாள், ஒவ்வொரு படத்திலும் யார் யார். ஹிந்தியில் தடுமாறாமல் சொன்னாள். பச்சைக் கவுன் என்றாள். பத்து வருஷமாக ஏன் படம் இல்லை என்று கேட்டபோது, தூரம், மாமனார், கொரோனா என்றாள். உங்களுக்குள் ஏதாவது மனஸ்தாபமா என்று சமூக சேவகி கேட்டார். "ஒன்றும் இல்லை" என்றாள் மீனு.

வெளியே வந்து அக்காவின் கையை அழுத்தி, "சுளுவாத்தான் கேக்காக. போ" என்றாள்.

சியாமளா உள்ளே மராத்தியில் பேசினாள். படங்களை வரிசையாகச் சொன்னாள். ஷூ கதையைச் சொன்னபோது டாக்டர் சிரித்தார். கடைசிப் படத்துக்கு வந்ததும் அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அவர் நீட்டிய படத்தைச் சியாமளா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

பிறகு சொன்னாள்: "நான்தான் வராதேன்னு சொன்னேன்."

"ஏன்?"

"எங்க அம்மா இறந்தப்போ இவ தௌண்டுல இருந்து போன் பண்ணினா. ரெண்டு மணி நேரம் காத்திருன்னா. ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு நல்லாக் கேட்டுச்சு. பதினாறு மாசம் நான் ஒருத்தி அம்மாவுக்குப் பீத்துணி அலசினேன். அப்ப வராதவ இப்ப மட்டும் எதுக்கு முகத்தைப் பாக்கணும்னு தோணிச்சு. போனை வச்சுட்டு சவ வண்டிக்காரர்கிட்ட எடுக்கச் சொன்னேன். வீட்டுல யாருக்கும் தெரியாது. அவகிட்ட ஒண்ணும் கேக்கலன்னு பொய் சொன்னேன். போன வாரம்கூடச் சொன்னேன்."

"இதை இப்போது ஏன் சொல்கிறீர்கள்?" என்று சமூக சேவகி கேட்டார்.

"அவளோட உடம்பை அறுத்து எடுக்கப் போறீங்க. அதனால."

இரண்டு வாக்குமூலங்களும் முரண்படுகின்றன என்று குழு எழுதியது. சகோதரிகள் என்பதை உறுதிசெய்ய மரபணுச் சோதனை செய்ய வேண்டும், அறிக்கை வந்த பிறகு அடுத்த கூட்டத்தில் கோப்பை எடுத்துக்கொள்ளலாம். குழு மாதத்தின் முதல், மூன்றாம் செவ்வாய்களில் கூடும். மூன்றாம் செவ்வாய் செப்டம்பர் 19. அன்று கணேஷ் சதுர்த்தி, விடுமுறை. அடுத்தது அக்டோபர் 3.

மும்தாஜ் மீனுவைத் தனியாக அழைத்தாள்.

"மாவ்ஷி, நீங்க மனஸ்தாபம் இல்லன்னீங்க. அவங்க உங்க போன் நல்லாக் கேட்டுச்சுன்னு சொல்லியிருக்காங்க. தௌண்டுலேர்ந்து பண்ணீங்களாமே. எது சரி?"

மீனு சுவரில் கையை வைத்துக்கொண்டாள். "நல்லாக் கேட்டுச்சுன்னா சொன்னா?"

"ஆமா."

"அப்ப அதுதான் சரி" என்றாள் மீனு. "ரத்தம் எங்க குடுக்கணும்?"

*

ரத்தம் கொடுத்துவிட்டுக் கேன்டீனுக்கு வந்தாள். சியாமளா ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஸ்வாமிநாதனும் கௌஷிக்கும் மருந்து வாங்கப் போயிருந்தார்கள். மீனு எதிரில் உட்கார்ந்து, முழங்கைப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஒம்போது வருஷம் இருந்துச்சு. அடுக்களையில நின்னு சொல்லிருக்கலாம். போன வாரம் நான் கேட்டேன்லா, அப்ப சொல்லிருக்கலாம். இங்கன வந்துதான் சொல்லணுமா?"

"அடுக்களையில உன் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும். எனக்கு வரல."

"கமிட்டிக்காரன் மூஞ்சி அழகா இருந்துச்சோ?"

சியாமளா கழுத்துக் கட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டாள்.

"ஒரு மாசம் போச்சு, தெரியுமா? கழுத்துல அத வச்சுக்கிட்டு ஒரு மாசம். ஒரு பொய்ய முழுசாச் சொல்லத் துப்பு இல்ல உனக்கு."

"சொல்லத்தான் போனேன் மீனு. அம்மா படத்த வேற கையில குடுத்துட்டான் அந்தாளு." மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "உன்ன ஏமாத்துனத வச்சுக்கிட்டே உன் கிட்னியையும் வாங்கிக்கிட்டா, அப்புறம் நான் எங்கன போயிச் சொல்லுவேன்?"

மீனு எழுந்து போய் ஒரு டீ வாங்கி வந்தாள். பாதியை இன்னொரு தம்ளரில் ஊற்றினாள். ஊற்றியதில் பாதியைத் திரும்ப எடுத்தாள். அக்காவின் பக்கம் நகர்த்திவிட்டு, தன்னுடையதைக் குடித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் தேவைக்கு மேல் வாய் திறக்கவில்லை. காய் ஊறியது, வெந்தது, வடிந்தது. பாட்டிலில் கோடுகள் இருந்தன. மாத்திரை நேரத்துக்கு வந்தது. ரவிசந்திரன் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்து, விஷயம் கேள்விப்பட்டு, இவ்வளவு செய்தவளுக்கு நீ ஏன் கொடுக்க வேண்டும், திரும்பி வா என்றான். "அம்மாவ நான் பாக்காமப் போனதுக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். பால்கனியில் நின்று பேசியது உள்ளே சியாமளாவுக்குக் கேட்டது.

தெருவில் கணபதிப் பந்தல் போட மூங்கில் இறக்கினார்கள். பதினாறாம் தேதி சனிக்கிழமை டயாலிசிஸ். நாலு மணி நேரம். எப்போதும் வெளியே பெஞ்சில் உட்காரும் மீனு, அன்று உள்ளே வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இயந்திரத்தின் குழாயில் ரத்தம் சுற்றிப் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அம்மா கடைசில எப்படி இருந்தா?"

சியாமளா தலையைத் திருப்பினாள். "சின்னதா இருந்தா. மீனு எங்க, மீனு எங்கன்னு ரெண்டு நாளாக் கேட்டா. வந்துக்கிட்டிருக்கான்னு சொன்னேன்."

"இத ஏன் யாரும் சொல்லல?"

"எனக்கு எரிச்சலா இருந்துச்சு. பக்கத்துல இருந்து எல்லாம் செய்யுதவ நான். உன் பேரக் கேக்கா."

மீனு முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார்.

"நான் உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத" என்றாள் மீனு. "எனக்கு நெறைய கேக்கணும். இப்ப கேட்டா உனக்கு பிரஷர் ஏறும், அந்த நர்ஸ் என்னப் புடிச்சு வெளிய தள்ளுவா. கிட்னி மொதல்ல உள்ள போகட்டும். நல்லா ஒண்ணுக்குப் போ. நாலு செம்பு தண்ணி குடி. பொறவு உக்காத்தி வச்சு நாக்கப் புடுங்குற மாதிரிக் கேக்கேன்."

"கேளு" என்றாள் சியாமளா. "எல்லாத்தையும் கேளு. தப்பிச்சுப் போக மாட்டேன்."

"எங்க போவ? நானே எழுந்து நடக்க மூணு நாள் ஆவுமாம். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலுதான்."

*

மரபணு அறிக்கை 22-ஆம் தேதி வெள்ளிக்கிழமை வந்தது. இருவரும் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்கள் என்று அதில் இருந்தது. மும்தாஜ் போன் செய்து சொன்னாள். அக்டோபர் 3 பட்டியலில் கோப்பை ஏழாவதாகச் சேர்த்திருப்பதாகவும், இனித் தடை எதுவும் வராது என்றும் சொன்னாள். ஸ்வாமிநாதன் பந்தலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் டயாலிசிஸ் தொடங்கிய அரை மணியில் சியாமளாவுக்குக் குளிர் எடுத்தது. மூன்று கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது. கழுத்துக் குழாயை எடுத்துவிட்டுத் தொடையில் வேறு குழாய் போட்டார்கள். ஞாயிறு மாலை ரத்த அழுத்தம் இறங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். திங்கட்கிழமை வாயில் குழாய் போட்டு இயந்திரத்தில் வைத்தார்கள்.

ஒருவருக்குப் பத்து நிமிஷம்தான் அனுமதி. மீனு உள்ளே போனபோது சியாமளாவின் கண் பாதி திறந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. நர்ஸ் ஒரு துணியை நனைத்துக் கொடுத்து, உதட்டை மட்டும் துடைக்கலாம் என்றாள். மீனு துடைத்தாள்.

"யக்கா" என்று கூப்பிட்டாள். "இங்கன பாரு. ரிப்போர்ட்டு வந்துட்டு. நாம ரெண்டு பேரும் அக்கா தங்கச்சிதானாம்."

கண் அசைந்ததா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பத்து நிமிஷம் முடிந்ததும் கௌஷிக் உள்ளே போனான்.

சியாமளா செப்டம்பர் 27, புதன்கிழமை காலை ஆறு பத்துக்கு இறந்தாள். மறுநாள் கணபதி கரைக்கும் ஊர்வலம், சாலைகள் அடைத்துவிடுவார்கள் என்பதால் அன்று மாலையே எரியூட்டினார்கள். மீனு கடைசிவரை கூட இருந்தாள். அழுததாக யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, எல்லோருக்கும் ரசம் வைத்தாள். உப்புப் போட மறந்திருந்தாள். யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

அக்டோபர் 3, செவ்வாய்க்கிழமை, குழு கூடியது. ஆறு கோப்புகளை எடுத்துக்கொண்டு, ஐந்துக்கு அனுமதி வழங்கியது. ஏழாவது கோப்பு, நோயாளி இறந்துவிட்டார் என்ற குறிப்புடன் முடித்து வைக்கப்பட்டது.